கெஸ்ட் பிளேயருக்குக் கொடுக்கும் காசைப் பிள்ளைகளின் பயிற்சிக்குச் செலவழித்தால் கப் வருமா?

நீரோடிக்காரன்:
நீரோடி பக்கம் ஒரு கடற்கரைக் கிளப்பின் கமிட்டியில் இருக்கிறேன். திருவிழா டூர்னமென்டுக்கு வருடாவருடம் வெளியாட்களை இறக்குகிறோம். பொழியூரிலிருந்து ரெண்டு பேர், திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கோல்கீப்பர், வசூல் நன்றாக இருந்தால் ஏழுபேர் ஆடும் செவன்ஸ் போட்டிக்கு வந்த ஆப்பிரிக்கக்காரர் ஒருவர். ஃபைனல் முடிந்த அன்றே எல்லோரும் காசு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் லைனுக்கு வெளியே பந்து பொறுக்கிப் போடுகிறார்கள்.

இந்த வருட வசூலில் ஒரு கோச் வைத்து 12, 13 வயதுப் பிள்ளைகளைப் பழக்கலாம் என்றேன். "பிள்ளைகளை வச்சுக் கப் அடிச்சவன் எவன்டே?" என்று மூத்தவர் ஒருவர் பேச்சை முடித்துவிட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது? மெஸ்ஸியைச் சிறுவயதிலிருந்து வளர்த்த பார்சலோனா என்று மட்டும் எழுதாதீர்கள், மெஸ்ஸி தெய்வப்பிறவி என்று தாண்டிப் போய்விடுவார்.

வலது விங்:
உங்கள் மூத்தவர் சொன்னதையே 1995 ஆகஸ்டில் பிபிசியில் கால்பந்து விமர்சகர் ஆலன் ஹான்சன் சொன்னார். மான்செஸ்டர் யுனைடெட் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்ற நாள் அது. அணியில் பெக்காம், ஸ்கோல்ஸ், பட், நெவில் எல்லாம் கிளப்பின் யூத் டீமிலிருந்து வந்த பொடியன்கள். அந்த சீசன் முடிவில் இங்கிலாந்து லீக்கும் எஃப்.ஏ. கப்பும் அவர்களுக்கே. இதைச் சொல்லுங்கள், அடங்கிவிடுவார்.

பாறசாலை கோச்:
அடங்க மாட்டார், தம்பி. வெளியிலிருந்து வாங்கிய கான்டனா, ஷ்மைக்கேல், கீன் கூட இருந்தார்களே என்று கேட்பார், அதுவும் நியாயம்தான். நான் மார்த்தாண்டத்துக்காரன், எல்லை தாண்டிப் பாறசாலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜெர்மனி 2000 யூரோ கோப்பையில் ஒரே ஒரு புள்ளியோடு குழுவில் கடைசி. போர்ச்சுகல் 3-0 என்று அடித்து அனுப்பியது. அதற்கப்புறம்தான் முதல் டிவிஷன் கிளப் எல்லாம் இளையோர் மையம் நடத்தியே ஆகவேண்டும் என்று விதி வந்தது. பின்னாலேயே இரண்டாம் டிவிஷனுக்கும் வந்தது. கிளப் எட்டாத ஊர்களில் ஜெர்மன் கால்பந்துக் கூட்டமைப்பே 300-க்கும் மேற்பட்ட இடங்களில் பயிற்சி வைத்தது. 2014 உலகக் கோப்பை ஃபைனலில் 113-ஆம் நிமிடம் கோல் போட்ட கோட்சேவுக்கு வயது 22, டோர்ட்முண்ட் அகாடமியில் வளர்ந்தவர். ஆக, 14 வருடம். கமிட்டியில் இந்தக் கணக்கை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் நம் பக்கத்துச் சிக்கல் வேறு. 15 வயதுவரை பையன் தானாகவே மைதானத்துக்கு வருவான். கைவிட்டுப் போவது 17-க்கும் 20-க்கும் நடுவில். என்னிடம் இடதுகாலன் ஒருவன் இருந்தான், தூத்தூர் பக்கத்துப் பிள்ளை. மணலில் பந்து உருளாது என்பதால் கிளப்பிக் கிளப்பியே ஆடிப் பழகியவன். புல்தரையில் விட்டால் வருகிற பாஸ் காலில் பட்டு ரெண்டு மீட்டர் தள்ளி ஓடும். பந்து வருமுன் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வாங்கக் கற்றுக்கொடுக்கவே ஒரு மழைக்காலம் போயிற்று. ஆனால் படிந்தபிறகு அவன் காலிலிருந்து பந்தைப் பிடுங்க ஆளில்லை. பிளஸ் டூ முடிந்தது, அப்பாவோடு கொச்சி தோப்பும்படிக்குப் போய் ஆழ்கடல் தங்கல் போட்டில் ஏறிவிட்டான். யாரைக் குறை சொல்ல? வீட்டில் கடன் இருந்தது. நம் கிளப்பில் சீனியர் டீமில் ஒரு இடம்கூட அவனுக்காகக் காத்திருக்கவில்லை, எல்லாவற்றிலும் கெஸ்ட்.

சாம்பியன் ஆன கிளப்புகள் அந்த வயதில் பையனை எப்படிப் பிடித்து வைத்தன என்றுதான் பார்க்க வேண்டும். நெதர்லாந்து கிளப் அயாக்ஸ், 1995, வியன்னாவில் மிலானோடு சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். கோல் விழவில்லை. 18 வயது கிளைவர்ட்டை மாற்று ஆளாக இறக்கினார் கோச் வான் கால். 85-ஆம் நிமிடம் கோல். பந்தைக் கொடுத்தது 32 வயது ரைக்கார்ட், அவரும் அயாக்ஸ் வளர்ப்புதான். பொடியனை ஃபைனலில் இறக்கும் துணிச்சலும் வேண்டும், பக்கத்தில் ஒரு பழுத்த ஆளும் வேண்டும்.

இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். கேரளா போலீஸ் 1990, 1991 இரண்டு வருடமும் ஃபெடரேஷன் கப் அடித்தது. சத்யன், பாப்பச்சன், ஷரஃப் அலி, ஐ.எம். விஜயன் எல்லாம் மலையாளத்துப் பிள்ளைகள். விஜயன் திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்றவர், 17, 18 வயதில் போலீஸ் அணிக்கு வந்தார். அது அகாடமி இல்லை, ஆனால் மாசச் சம்பளம் இருந்தது. அதனால் கால்பந்தை விடாமல் ஆடினார்கள்.

கோவை ரசிகன்:
கோச் அண்ணே, 2018-19 ஐ-லீக், அதாவது தேசிய லீக் கோப்பையை எங்கள் கோவையில் ஆடிய சென்னை சிட்டி கிளப் எடுத்தது. அவர்கள் ஸ்ட்ரைக்கர் மான்சி 21 கோல். ஸ்பெயின்காரர்கள் இல்லாமல் நடந்திருக்குமா? இங்கிலாந்து லீக்கில் லெஸ்டரும் 2016-இல் வார்டி, மஹ்ரெஸ் என்று வெளியில் தேடிப் பிடித்துத்தானே ஜெயித்தது? நம் இரவிபுத்தன்துறை சூசைராஜ்கூடக் கடப்புறத்து மணலில் ஆடி ஐ.எஸ்.எல். போனவர்தான்.

பாறசாலை கோச்:
நடந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அணியில் எட்வின், ரொமாரியோ என்று நம் பிள்ளைகளும் வாராவாரம் ஆடினார்கள். அந்தக் கிளப் 2021-க்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை, அவர்கள் வேறு கிளப்புகளில் ஆடப் போனார்கள். மான்சி மாதிரி ஆள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கோல்கீப்பரையும் நடு ஸ்டாப்பரையும் வெளியிலிருந்து எடுங்கள், மற்ற கெஸ்ட் காசை நிறுத்துங்கள். சூசைராஜ் மாதிரி ஒருவர் மேலே போகும்போது, போக முடியாமல் போட்டில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று கடற்கரையில் கேட்டுப் பாருங்கள்.

நீரோடிக்காரன்:
அண்ணே, இது கமிட்டியில் எடுபடும் போலிருக்கிறது. ரெண்டு கெஸ்ட் மட்டும் என்றால் மூத்தவருக்கும் கௌரவம் குறையாது. மைதானம்தான் இடிக்கிறது, கடலரிப்பில் பாதி போய்விட்டது.

பாறசாலை கோச்:
பாதி மைதானம் ஐந்துக்கு ஐந்து ஆடத் தாராளம், சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் நல்லதும்கூட. வாரத்தில் ஒருநாளாவது பள்ளிக்கூடத்துப் புல்தரை கேட்டு வாங்குங்கள். 12 வயதுவரை சைஸ் 4 பந்து, யார் சொன்னாலும் சைஸ் 5 வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சீனியர் டீமில் 18 வயதுக்குக் கீழே ரெண்டு பேர் கட்டாயம் ஆடவேண்டும் என்று டூர்னமென்டுக்கு முன்பே கமிட்டி மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். செமிஃபைனல் வந்தால் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று. பிள்ளைகளைக் கிளப் பெயரில் முறையாகப் பதிவு செய்யுங்கள். ஒருவன் நாளைக்கு நாடு விட்டு நாடு விலைபோனால் ஃபிஃபா விதிப்படி தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்கு. 12 முதல் 15 வரை வருடத்துக்கு 0.25 சதவீதம். பதிவு இல்லையென்றால் பைசா வராது. பிறப்புச் சான்றிதழ் வாங்கி வையுங்கள், கோயிலில் கொடுக்கிற ஞானஸ்நானச் சீட்டை நம்ப வேண்டாம்.