குடியை விட்ட தம்பிக்கு ஒரு குழு தேவை, மட்டக்களப்புப் பக்கம்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். என் தம்பி கசிப்பை, அதாவது கள்ளச் சாராயத்தை, விட்டிருக்கிறான். ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துத்தான் நிறுத்தினான். நெடுநாள் குடித்தவர் சடுதியாக விட்டால் வலிப்புகூட வரலாம், அதனால் யாரும் வீட்டில் வைத்துத் தனியாக முயல வேண்டாம்.

இப்போது அவனுக்குத் தேவை, வாராவாரம் கூடிப் பேச ஓர் இடம். 1991இல் கலிபோர்னியாவின் சடில்பேக் சபையில் தொடங்கிய ‘செலிபிரேட் ரிகவரி’ என்ற, குடி போன்ற பழக்கங்களிலிருந்து மீள உதவும் கிறிஸ்தவத் திட்டம் பற்றி வாசித்தேன். மலைப்பிரசங்கத்தின் பாக்கியவசனங்களை ஒட்டிய எட்டுக் கொள்கைகள், பன்னிரண்டு படிகள். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாகச் சிறு குழுக்களில் இருப்பார்கள். அங்கே பேசுவது வெளியே போகாது. எங்கள் ஊரில் அதுதான் முக்கியம், கதை தெரு முழுக்கப் பரவினால் அவன் மறுபடி கூட்டத்துக்குப் போகமாட்டான்.

கல்லடி, ஊறணி, வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடிப் பக்கம் தமிழில் இப்படி நடத்தும் சபை எதுவும் தெரியுமா? கத்தோலிக்கம், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே, எதுவென்றாலும் சரி. உபவாச ஜெபத்துக்குப் போகிறோம், ஆறுதல்தான். ஆனால் குடித்து மீண்ட ஒருவர் பக்கத்தில் இருந்து பேசுவது அவனுக்கு வேண்டும். கல்முனை என்றாலும் பஸ்ஸில் கூட்டிப்போவேன். அப்படி மீண்டவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து உள்பெட்டியில் எழுதுங்கள், பெயர் யாருக்கும் சொல்லமாட்டேன்.