மறுமொழி: ‘யாங்க்’ – ‘பிடுங்கு’வை எடுத்துவிட்டு ‘ஒற்று’ வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

விம் என்ற உரைதிருத்தி நிரலின் பயனர் கையேட்டுத் தமிழாக்கத்தில் நான்காம் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை, சந்திப்பிழை எல்லாம் சொல்லாமலே சரிசெய்துவிடலாம். ஒரே ஒரு சொல்லில்தான் நின்றுவிட்டேன். வரியை அழிக்காமல் அதன் பிரதியை எடுத்துவைக்கும் ‘யாங்க்’ கட்டளைக்கு நாம் வைத்த ‘பிடுங்கு’ தவறு. அதை வைத்தவர்களில் நானும் ஒருவன், அதனால் திருத்தவும் நானே கேட்கிறேன்.

போன சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில், அங் மோ கியோவில் நாலைந்து பேருக்கு விம் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். நான் கொடுத்த தாளில் “ஒரு வரியைப் பிடுங்க ஒய் விசையை இரண்டு முறை அழுத்தவும்” என்று இருந்தது. அழுத்தினார். வரி இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி அப்படியே. “தம்பி, பிடுங்க மாட்டேங்குதே” என்றார். பிறகு தாளில் அடுத்திருந்த டி விசையை இரண்டு முறை அழுத்தினார், வரி மறைந்தது. “ஆ, இதுதான் பிடுங்குறது” என்று நிம்மதியாகச் சொன்னார்.

அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. பல்லைப் பிடுங்கினால் அந்த இடம் காலி, களையைப் பிடுங்கினாலும் காலி. தமிழ் தெரிந்தவர் அப்படித்தான் எதிர்பார்ப்பார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மூன்று வரிகளை யாங்க் செய்தால் திரையின் அடியில் “3 வரிகள்...” என்று விம் ஒரு செய்தி காட்டும். ஒரு வரி, இரண்டு வரி என்றால் இயல்பமைப்பில் ஒன்றுமே காட்டாது. வரி எண்ணிக்கை இரண்டைத் தாண்டினால்தான் அறிவிக்கும். ஆக, புதிதாகப் படிப்பவர் முதன்முதலில் செய்யும் ஒரு வரி யாங்க்கில் திரை அசையவே அசையாது. நடந்தது என்ன என்று அவருக்குச் சொல்ல நம் சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இனி, வந்த மறுமொழிகளுக்கு.

> ‘நகலெடு’ என்று எளிமையாக விட்டுவிடலாமே. யாங்க் என்பது காப்பிதான் என்று மூலக் கையேடே சொல்கிறதே.

உண்மை. நகலெடுப்பதற்கு விம் வைத்துக்கொண்ட பெயர்தான் அது, ‘சி’ எழுத்து ஏற்கெனவே மாற்றுவதற்கான செயலுக்குப் போய்விட்டது, ‘ஒய்’ காலியாக இருந்தது, நினைவில் நிற்கட்டும் என்று யாங்க் ஆனது என்று அந்த அத்தியாயமே விளக்குகிறது. ஆனால் விம்மில் முக்காற்புள்ளி போட்டுத் தரும் ‘காப்பி’ என்ற கட்டளை தனியாக இருக்கிறது. அது வரிகளைப் பதிவேட்டில், அதாவது எடுத்த எழுத்துகளை விம் தற்காலிகமாக வைத்திருக்கும் இடத்தில், வைக்காமல் நேராக வேறோர் இடத்தில் பதித்துவிடும். இரண்டுக்கும் ‘நகலெடு’ என்று வைத்தால், நகலெடுத்தேன், ஒட்டினால் வேறு எதுவோ வருகிறதே என்று கேட்பவருக்கு நம்மால் பதில் சொல்ல முடியாது. ‘நகலெடு’ அந்தக் கட்டளைக்கே இருக்கட்டும்.

> ‘படியெடு’ நல்ல பழைய சொல். ஏடுகளையும் கல்வெட்டுகளையும் படியெடுத்தவர்கள் நாம்.

எனக்கும் மிகப் பிடித்த சொல். வேறு எந்த நூலாக இருந்தாலும் இதையே எடுத்திருப்பேன். ஆனால் நாம் எழுதுவது கையேடு. இதில் பக்கத்துக்குப் பக்கம் ‘படி 1’, ‘படி 2’ வருகிறது. “படி 3: முதல் மூன்று வரிகளைப் படியெடுக்கவும், மேலே சொன்னபடி இடவும்” என்ற வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன். படிக்க முடியவில்லை.

அதனால்தான் ‘ஒற்று’. மேலே அழுத்தி அச்சை எடுத்துக்கொள்வது, அடியில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாமல். கோயில் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், பூ பூவாகவே இருக்கிறது.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1819-இல் கண்டெடுத்த கல்வெட்டுப் பாறையை 1843-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்கு முன்பே வில்லியம் பிளாண்ட் என்பவர் பிசைந்த மாவை அந்த எழுத்துகளின் மேல் அழுத்தி, வடிவத்தை எடுத்து, தாளில் வரைந்துவைத்தார். 1837-இல் அது அச்சிலும் வந்தது. பாறையின் துண்டு ஒன்று இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் இல்லாத வரிகளைப் பார்க்க அந்தப் பிரதி நமக்கு உதவுகிறது. அந்த எழுத்தை இன்றுவரை யாரும் படித்துச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

நான் கவனித்தது அந்த மாவை. கல், மாவு, தாள் என்று மூன்று இருக்கின்றன. மூலவரி கல், பதிவேடு மாவு, நாம் கொண்டுபோய் இடும் இடம் தாள். யாங்க் என்பது முதல் பாதி மட்டுமே; மாவில் ஏறியதோடு அது முடிந்தது. ‘நகலெடு’வில் இந்த இடைநிலை தெரிவதில்லை. இரண்டாம் பாதிக்கு, அதாவது ‘புட்’டுக்கு, ‘இடு’ என்று முன்பே முடிவுசெய்துவிட்டோம். ‘ஒற்று’, ‘இடு’ இரண்டும் பக்கத்தில் நன்றாகவே நிற்கின்றன.

> வியர்வையை ஒற்றினால் வியர்வை போய்விடுமே, தம்பி?

ஈப்போ அக்கா சொல்வது சரியான ஆட்சேபம். மறுக்க மாட்டேன். ஆனால் அங்கேயும் போவது வியர்வைதான், தோல் அல்ல. அந்தக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, சொல் முதலில் வரும் இடத்தில் ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறேன், கீழே இருக்கிறது.

இன்னோர் உரைதிருத்தியான ஈமேக்ஸின் பக்கங்களைப் பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ‘யாங்க்’ இதற்கு நேர் எதிர். அங்கே அது முன்பு வெட்டிய எழுத்துகளைத் திரும்ப இடுவது. நம் சொற்பட்டியலில் ‘யாங்க்’ என்று ஒரே வரி இருந்தால் இரண்டு கையேடுகளில் ஒன்று பொய் சொல்லும். பட்டியலை ஆங்கிலச் சொல் வரிசையில் வைத்தது நம் அடிப்படைத் தவறு. செயல் வரிசையில் மாற்றலாம்: பதிவேட்டில் எடுத்து வைப்பது ‘ஒற்று’, அங்கிருந்து வைப்பது ‘இடு’. எந்த நிரல் அதை எப்படி அழைக்கிறது என்பது அடுத்த நெடுவரிசையில் வரட்டும். நம் சிங்கப்பூர்க் கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி தந்ததாகச் சொல்லப்படும் ‘இணையம்’ நிலைத்தது எதனால்? ஆங்கிலச் சொல்லில் உள்ள வலையைப் பிடிக்காமல், அது செய்யும் இணைக்கும் வேலையைப் பிடித்ததால் என்றே நம்புகிறேன்.

மாற்றும் வேலை பெரிதல்ல. ‘பிடுங்கு’, ‘ஒற்று’ இரண்டும் ஒரே மாதிரி திரியும் வினைகள்: பிடுங்கி, ஒற்றி, பிடுங்கிய, ஒற்றிய, பிடுங்கப்பட்டது, ஒற்றப்பட்டது. யூனிகோடில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால் தனிக் குறியாக நிற்பதால், பைத்தான் நிரல்மொழியில் ‘பிடுங்க’ வரும் இடமெல்லாம் ‘ஒற்ற’ என்று ஒரு வரியில் மாற்றினால் எல்லா வடிவங்களும் தாமாக மாறிவிடுகின்றன. செய்து பார்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் கையால் தேட வேண்டும்: “வரியைப் பிடுங்கு” என்பது “வரியைப் ஒற்று” என்று ஆகிவிடும். அந்த ‘ப்’பை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். உடுக்குறிகளுக்கு (*) நடுவே இருக்கும் உதவிக் குறிச்சொற்களைத் தயவுசெய்து யாரும் தொடாதீர்கள்; அவை எல்லா மொழிக் கையேட்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும், ஒரு உடுக்குறி விழுந்தாலும் உதவித் தேடல் அந்த இடத்தைக் கண்டுபிடிக்காது.

திருத்திய பத்தி:

“எழுத்துகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக, முதலில் ஒற்றவும், பிறகு இடவும். ஒற்றினால் மூலவரி இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் படிமம் மட்டும் பதிவேட்டில் சேரும். ஒரு வரியை ஒற்றும்போது திரையில் எந்த மாற்றமும் தெரியாது. அது சரிதான், மறுபடி அழுத்த வேண்டாம்.”

கடைசி வாக்கியம் மூலத்தில் இல்லை. அந்த ஆசிரியைக்காகச் சேர்த்தேன், நீக்க வேண்டும் என்றால் காரணம் சொல்லுங்கள். ‘ரெஜிஸ்டர்’ பதிவேடா பதிவகமா என்பதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து