பித்தளை சிம்பலுக்கு இவ்வளவு மவுசு ஏன்?

கிராஷ்_கதிர்: ஆரம்ப டிரம்ஸ் செட்டோட வர்ற பித்தளை சிம்பலை, அதாவது குச்சியால தட்டற வட்டத் தகட்டை, முதல்ல கழட்டி எறின்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. நான் எறியலை. ஓங்கி அடிக்கிற 14 அங்குல கிராஷ் சிம்பல் மேல அதே ரகத்து 10 அங்குல ஸ்பிளாஷை, சின்ன சிம்பலை, உட்கார வெச்சு விங் நட்டை இறுக்கினேன். ‘சக்’னு ஒரு வெட்டு, உடனே அடங்கிடுது. உசந்த கிராஷ் ஒரு அடிக்கு எவ்வளவு நேரம் ரீங்காரம் போடும்!

ரைடுபிரியன்: இப்படி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஸ்டேக் போட்டா ரெண்டு தகரம்கூட சத்தம் குடுக்கும். அதுல சிம்பலுக்கு என்ன பெருமை? அதே கிராஷைத் தனியா மாட்டி ஓரத்துல மெதுவா தட்டுங்க, அப்புறம் ஓங்கி அடிங்க. சத்தம் கூடும், அவ்வளவுதான். நல்ல கிராஷ்ல மெல்ல தட்டினா ஒரு குணம், ஓங்கினா வேற குணம். காசு அதுக்குத்தான்.

உலோகன்: மலிவுன்னு எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. மைனல் கம்பெனியோட எச்.சி.எஸ்., பைஸ்டி கம்பெனியோட 101 சிம்பல் எல்லாம் பித்தளை: செம்பும் துத்தநாகமும். அதுக்கு அடுத்த படி பி8 வெண்கலம்: 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம், தகடா உருட்டி வெட்டறது. உசந்த ரகத்துல நிறைய பி20, வெள்ளீயம் 20 பங்கு. ஆனா 1971ல வந்த பைஸ்டி 2002 என்ன உலோகம் தெரியுமா? அதே 8 பங்குதான். லெட் செப்பலின் ராக் குழுவோட டிரம்மர் ஜான் பான்ஹம் அடிச்ச சிம்பல் அது. பி8னாலே குப்பைன்னு சொல்றவங்க இதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க.

ரைடுபிரியன்: உலோகத்தை நான் எங்கே குறை சொன்னேன்? தகடு ஒண்ணா இருந்தாலும் சுத்தியலும் கடைசலும் ஒண்ணு இல்லையே. வித்தியாசம் முழுக்க அந்த வேலையிலதான்.

கிராஷ்_கதிர்: சரி அண்ணா. சின்ன ரூம்ல ரெக்கார்ட் பண்றவன் என்ன செய்வான்? நீளமா ஒலிக்கிற கிராஷ் ஸ்னேர் டிரம்முக்கு வெச்ச மைக்குள்ள வழியுது, சத்தத்தோட ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கம்ப்ரஸர் போட்டதும் அந்த வழிசல்தான் முன்னாடி வந்து நிக்குது. பித்தளையில அந்தத் தொல்லை குறைவு.

மிக்ஸ்மாமா: சீக்கிரம் அடங்கும், வாஸ்தவம். அடங்கறதுக்கு முன்னாடி கத்துதே, அதை யார் கேக்கறது? குரல் தெளிவா நிக்கிற அதே 3, 4 கிலோஹெர்ட்ஸ்ல வந்து குத்தும். தலைக்கு மேல தொங்கற ஓவர்ஹெட் மைக்ல அதை வெட்டினா ஸ்னேரோட பளிச்சும் சேர்ந்து போகுது. அடிப்பக்கம் விரல் நீளத்துக்குத் துணி டேப் ஒட்டுங்க, ஓரளவு தணியும். ஸ்டேக், ஸ்பிளாஷ், ஓரம் மடிஞ்ச சைனா சிம்பல் எதுல வேணா காசு மிச்சம் பிடிங்க, கால் மிதியில திறந்து மூடற ஜோடி சிம்பல் ஹை-ஹேட்ல வேண்டாம். பாட்டு முழுக்கக் காதுல விழறது அதுதான்.

ரைடுபிரியன்: தாளம் விடாம தட்டற பெரிய சிம்பல் ரைடையும் சேர்த்துக்குங்க மாமா. மலிவு ரைடுல குச்சி படற ‘டிங்’ ரெண்டு பார் தாண்டறதுக்குள்ள இரைச்சல்ல முங்கிடும்.

உலோகன்: அதை ஒத்துக்கறேன். கதிர், நட்டை அவ்வளவு இறுக்காதீங்க, ஃபெல்ட்டும் பிளாஸ்டிக் குழாயும் இருக்கான்னு பாருங்க. ஸ்டாண்டோட இரும்புக் கம்பி உரசினா நடு ஓட்டை நீண்டுடும், தகடு அசைய இடமில்லேன்னா ஓரம் கீறும்.

கிராஷ்_கதிர்: ஓரம் ஏற்கெனவே கீறிடுச்சு. சத்தம் இன்னும் கர்ணகடூரமா ஆகி, முன்னைவிட அருமையா இருக்கு.

ரைடுபிரியன்: இந்த ஆள்கிட்ட நான் இனிமே என்னத்தப் பேச!