மறு: டயோராமாவுக்குத் தமிழ்ச்சொல் – 'சிறுகளம்' சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> கிரேக்க வேர்ப்படி 'ஊடுகாட்சி' என்பதே முறையான சொல்.

வேர் சரிதான் ஐயா. ஆனால் 1822இல் பாரிசில் டாகேர், பூத்தோன் என்ற ஓவியர்கள் டயோராமா என்ற பெயரில் காட்டியது வேறு சரக்கு. இருட்டு மண்டபம், ஒளி ஊடுருவும் பெரிய ஓவியச் சீலை. வெளிச்சத்தை மாற்ற மாற்றப் பகல் இரவாகும். நாம் பெயர் தேடுவதோ பலகைமேல் மண், சுவர், வண்டி, ஆள் எல்லாம் வைத்துச் செய்யும் குட்டி உலகத்துக்கு. இங்கே எதன் ஊடாகப் பார்க்கிறோம்?

> 'கொலு' என்றால் எல்லாருக்கும் விளங்குமே?

படிக்கொலு பொருந்தாது. படிக்குக் கீழே கேழ்வரகு முளைக்கவிட்டு, குளம் வெட்டி, ரோடு போட்டு பார்க் வைப்பார்களே, அது கொஞ்சம் பொருந்தும். ஆனால் அந்தப் பார்க்கில் பஸ்ஸைவிட உயரமான போலீஸ்காரர் நின்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள். மாடல் செய்பவர்கள் விடமாட்டார்கள்!

என் முன்மொழிவு 'சிறுகளம்'. நெல்லடிப்பதும் களத்தில், போர் நடப்பதும் களத்தில். ஏதோ ஒன்று நடக்கும் தரை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தற்காலப் போர்க்காட்சி செய்பவர்களுக்கு இது கூடுதலாக உதவும். பலரும் முதலில் கிட் (துண்டு துண்டாக வரும் மாடல் பெட்டி) வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடித்துவிட்டு, கடைசியில்தான் வண்டியை நிறுத்தப் பலகை தேடுகிறார்கள். வண்டி அருமையாக இருக்கும். சுற்றிலும் ஒன்றும் நடக்காது.

2003 ஏப்ரல், அமெரிக்கப் படை நுழையும் பாக்தாத் தெரு, 1:35 அளவு (அசலில் 35 செ.மீ. என்றால் மாடலில் 1 செ.மீ.) என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கர்களின் ஏப்ராம்ஸ் டாங்கி பீரங்கிக் குழலோடு சேர்த்து 28 செ.மீ. நீளம், பத்தரை செ.மீ. அகலம் வரும். ஆள் 5 செ.மீ. ஒரு மாடி எட்டரை செ.மீ. என்றால் கைப்பிடிச்சுவரோடு இரண்டு மாடி வீடு 20 செ.மீ.யைத் தொடும். 12 மீட்டர் பேரீச்சமரம் வைத்தால் 34 செ.மீ.; டாங்கி அதன் காலடியில் பொம்மையாகிவிடும். இதெல்லாம் கிட் பெட்டியைத் திறக்குமுன்பே தெரியவேண்டியவை. பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி வீடாக நிறுத்தி, டாங்கி அளவுக்கு ஓர் அட்டையை வெட்டிப் போட்டு, தரையிலிருந்து நாலரை செ.மீ. உயரத்தில், அதாவது சிப்பாயின் கண்மட்டத்தில், கேமராவை வைத்துப் பாருங்கள். டாங்கி பலகை விளிம்புக்கு இணையாக நின்றால் காட்சி செத்துவிடும். சற்றே சாய்த்துத் திருப்பினால் தெரு பலகைக்கு வெளியேயும் நீள்வதுபோல் இருக்கும்.

களம் என்றால் இடம் மட்டுமல்ல, நாளும் சேர்ந்தது. சதாம் ஆட்சியில் வீடுகளில் சாட்டிலைட் டிஷ் வைக்கத் தடை இருந்தது. மொட்டைமாடியெல்லாம் டிஷ் முளைத்தது அந்த ஏப்ரலில் ஆட்சி விழுந்த பிறகுதான். தெருவோரம் வரிசையாக நிற்கும் உயரமான கான்கிரீட் தடுப்புச்சுவர்களும் அப்படியே. கடையில் இரண்டும் அழகாக வார்த்துக் கிடைக்கின்றன என்பதற்காக ஏப்ரல் மாதக் காட்சியில் வைத்தால், எவ்வளவு நுணுக்கமான பெயின்ட்டும் அதைக் காப்பாற்றாது.

> எதிரெதிரே இரு படைகளையும் வைத்தால்தானே 'களம்'?

முடியாது என்பதே தற்காலப் போரின் சிக்கல். 1991 வளைகுடாப் போரில் ஏப்ராம்ஸ்கள் 2,000 மீட்டருக்கும் அப்பாலிருந்து ஈராக்கின் டாங்கிகளைச் சுட்டன. அந்தத் தொலைவு 1:35இல் 57 மீட்டர். எதிரியை அடுத்த தெருவில் வேண்டுமானால் வைக்கலாம். ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் காட்டி, மறுபக்கத்தை ஆட்களின் பார்வையில் வையுங்கள். மூன்று சிப்பாய்கள் ஒரே மூலையை உற்றுப் பார்த்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று நமக்கும் தோன்றும். ஆளுக்கொரு திசையில் முறைத்தால் வெறும் பொம்மைகள்.

> அருங்காட்சியக டயோராமாவில் விலங்குகள் உயிரளவில் நிற்கின்றனவே, 'சிறு' எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி, இதற்கு நான் மல்லுக்கட்டவில்லை. பொதுப்பெயர் 'காட்சிக்களம்' ஆகட்டும். அளவு குறைத்துச் செய்வது சிறுகளம். ஓரிரு ஆள் மட்டும் நிற்கும் உள்ளங்கை அகலப் பலகையை மாடல்காரர்கள் வின்யெட் என்கிறார்கள். அதற்குக் 'குறுங்களம்' போதும்.

'வெதரிங்', அதாவது புது மாடலை அடிபட்டுப் பழசானதுபோல் காட்டும் வேலை பற்றி ஒரு வார்த்தை. 'வானிலையேற்றம்' வேண்டாம், வானிலைக்கு அதில் பாதிப் பங்குதான். 1991 போருக்காக ஜெர்மனியிலிருந்து போன அமெரிக்க டாங்கிகள் பல பச்சையாக வந்திறங்கி, சவூதித் துறைமுகத்தில் அவசரமாக மணல்நிறம் பூசிக்கொண்டவை. காலடியும் பூட்சும் தேய்த்த இடத்தில் தெரியவேண்டியது அந்தப் பச்சை; துருவை அப்பக்கூடாது. மழையும் வெயிலும் செய்ததல்ல அது, ஆள் ஏறி இறங்கியது. 'நாட்படுத்தல்' என்று வைத்தால் இரண்டும் அடங்கும். மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.

அன்புடன்.