மறு: வோக்ளூஸ் வகை ஊற்றுக்குத் தமிழ்ச் சொல்

வணக்கம். சுண்ணப்பாறைக் குகைக்குழாய் வழியே ஆழத்திலிருந்து மேலேறி வரும் வோக்ளூஸ் வகை ஊற்றுக்கு அகரமுதலியில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், பொங்கூற்று என்ற யோசனைக்கு என் பதில் இது.

> பொங்கூற்று என்றே வைத்துவிடலாமே. கேட்டவுடன் புரிகிறது, ஆழத்திலிருந்து பொங்கி வருவதுதானே?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். பொங்கூற்று என்றதும் வெந்நீரைப் பீச்சியடிக்கும் கெய்சர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இந்த வகைக்கே பெயர் கொடுத்த தென்பிரான்சின் வோக்ளூஸ் ஊற்றோ கோடையில் பொங்குவதே இல்லை. 200 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் சுண்ணப்பாறைச் சுவரின் அடியில் அசையாத கரும்பச்சைக் குட்டையாகக் கிடக்கும். தண்ணீர் அதற்குக் கீழே பாறாங்கற்களின் இடுக்குகளில் கசிந்து வந்து ஸோர்க் ஆறாகும். நல்ல மழையோ பனியுருகலோ வந்த பிறகுதான் மட்டம் ஏறி, விளிம்பைத் தாண்டிக் கொட்டும்.

சுனை என்ற யோசனையும் சரிவராது. சுனை மலைப்பாறையில் சிறிதாகத் தேங்குவது. வோக்ளூஸுக்கு நீர் தரும் நிலப்பரப்போ 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். வான்தூ மலையிலும் அல்பியோன் மேட்டிலும் விழும் மழை அங்கே ஓடையாக ஓடுவதில்லை. சுண்ணப்பாறையின் வெடிப்புகளில் இறங்கி, பாறையைக் கரைத்து, தனக்கான குகைவழிகளைத் தானே உண்டாக்கி, கடைசியில் இந்த ஒரே வாயிலுக்கு வந்து சேர்கிறது.

அதனால் அடிச்சொல்லாகப் 'பிலம்' வேண்டும் என்கிறேன். நிலத்தடிக் குகைவழிக்கு நம்மிடம் பழைய சொல் அது. சுண்ணப்பாறைக் குகைவழிகளில் வரும் ஊற்று எல்லாமே பிலவூற்று. யாழ்ப்பாணத்தில், கடலோரத்தில் இருந்தும் நன்னீர் சுரக்கும் கீரிமலை ஊற்று இதில் அடங்கும். அங்கேயே உள்ள நிலாவரைக் கிணறு அடங்காது, அது பிலத்தின் கூரை இடிந்து திறந்துகொண்ட நீர்க்குழி, வழிந்தோடும் ஊற்று அல்ல.

அப்புறம் அடைமொழி. வோக்ளூஸின் தண்டுக்குழாய் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. 1985இல் ஒரு இயந்திரக் கலம் 308 மீட்டர் ஆழத்தில் மணல் தரையைத் தொட்டது. அந்தத் தரை இன்றைய கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே! நிலவியலாளர்கள் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடல் வற்றி இறங்கியது. ரோன் ஆறும் தன் பள்ளத்தாக்கை ஆழமாக அறுத்தது. நிலத்தடி நீரும் அந்தத் தாழ்ந்த மட்டத்தைத் தேடிப் பாறையைக் குடைந்தது. பிறகு கடல் திரும்பி வந்து பள்ளத்தாக்கு வண்டலால் தூர்ந்தபோது, கீழ்வாய் அடைபட்ட நீருக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லாமல் போனது.

இந்த ஏற்றம் பெயரில் தெரிய வேண்டும். 'எழுபிலவூற்று' என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஓசை நன்றாக இருக்கிறது, ஆனால் எழுகடல், எழுபிறப்பு என்று பழகிய கண் அதை ஏழு பிலம் என்று படித்துவிடும். ஏறுமுகம், ஏறுவரிசை போல 'ஏறுபிலவூற்று' என்று வைத்தால் குழப்பமில்லை.

ஆர்ட்டீசியன் ஊற்றோடு இதைச் சேர்க்க வேண்டாம். அங்கே நீர் புகாத இரண்டு அடுக்குகளுக்கு இடையில் அழுத்தப்பட்ட நீர் மேலே வருகிறது. இங்கே திறந்த குகைக்குழாய்.

அகரமுதலிக்கு நான் எழுதும் வரையறை (கரைபாறை என்பது சுண்ணப்பாறை போல நீரில் கரையும் பாறை):

ஏறுபிலவூற்று: கரைபாறையில் நீர் நிறைந்த ஆழ்குகைக் குழாய் வழியே, அழுத்தத்தால் கீழிருந்து மேலேறி வெளிவரும் ஊற்று.

'கரைபாறை' பற்றி மாற்றுக் கருத்து இருந்தால் தனி இழையில் பேசுவோம்.