மழை தொடங்கியதும் மரத்தரையின் ஓரங்கள் எழும்புகின்றன: இழைக்கலாமா?

வேளச்சேரிவாசி:
வணக்கம். வேளச்சேரியில் தரைத்தளத்தில் உள்ள எங்கள் வீட்டின் 10க்கு 12 அடி படுக்கையறைக்குச் செப்டம்பரில் ஓக் மரத்தரை போட்டோம். பழைய சிமென்ட் தரையின் மேல் ப்ளைவுட் அடித்து, 5 அங்குல அகலமும் 18 மி.மீ. கனமும் உள்ள முழு மரப் பலகைகளை அதன்மேல் ஆணியடித்துப் பொருத்தினார்கள். பலகைகள் வந்து இறங்கிய மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. வடகிழக்குப் பருவமழை பிடித்த மூன்று வாரங்களில் ஒவ்வொரு பலகையின் இரு ஓரங்களும் உயர்ந்து, நடுப்பகுதி குழிந்துவிட்டது. மாலையில் விளக்கைத் தரையருகே பிடித்தால் இணைப்புக்கு இணைப்பு நிழல்கோடு விழுகிறது, வெறுங்காலோடு நடக்கும் என் தாயாருக்குக் கால்விரல் தட்டுகிறது. மேடுகளை இழைத்துப் பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒப்பந்ததாரர். சம்மதிக்கலாமா?

இழைப்புளி:
ஐயா, இப்போது இழைக்க விடாதீர்கள். பலகையின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட அதிக ஈரம் குடித்திருப்பதால்தான் ஓரங்கள் எழும்புகின்றன. இன்று அந்த ஓரங்களைச் சீவிவிட்டால், ஈரம் வற்றிப் பலகை மட்டத்துக்குத் திரும்பும்போது சீவிய ஓரங்கள் தாழ்ந்து, நடுப்பகுதி முதுகு போல மேடாக நிற்கும். அப்படி ஆன தரையை மறுபடி இழைத்தபோது பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் நாக்கும் காடியும் (பக்கவாட்டு நீட்டமும் பள்ளமும்) வெளியே தெரியும் அளவுக்குப் பலகை மெலிந்துபோனதை என் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

சூளையில் உலர்த்திய ஓக் பலகை பெரும்பாலும் 6 முதல் 9 விழுக்காடு ஈரத்தோடு வரும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டில் நிலைத்து நிற்கும் நம் மழைக்காலத்தில் அது 15 விழுக்காட்டை நோக்கி ஏறும். ஈரம் 6 விழுக்காடு கூடினாலே 5 அங்குலப் பலகை இரண்டு மி.மீ.க்கு மேல் அகலக்கூடும். தேக்கு ஏறத்தாழ அதில் பாதிதான் அசையும். அதனால்தான் பலகைகளைப் பிரித்து அடுக்கி, காற்றோட்டமாக அந்த அறையிலேயே வைத்து, ஈரமானியில் அளவு நிலைத்த பின்பே பொருத்த வேண்டும். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையை ஓரிடத்தில் கழற்றி, சுவருக்கும் பலகைக்கும் நடுவே 10 முதல் 12 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கட்டடப் பொறியாளர்:
தரைத்தளம் என்பதால் கீழிருந்து ஏறும் ஈரத்தையும் சோதித்துவிடுங்கள். சுவரோரம் சில பலகைகளையும் ப்ளைவுட்டையும் எடுத்துவிட்டு, சிமென்ட் தரையில் ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளை விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி தெரிந்தாலோ, தரை கருத்திருந்தாலோ, ஈரம் தரை வழியாகவே வருகிறது. இரவெல்லாம் ஏசி ஓடும் அறையானால் பலகையின் மேற்பக்கம் உலர்ந்து, அடிப்பக்கம் ஈரமாகவே இருந்து வளைவு இன்னும் கூடும்.

வேளச்சேரிவாசி:
இருவருக்கும் நன்றி. ஸ்கர்ட்டிங்கைக் கழற்றினேன், பலகை சுவரை முட்டிக்கொண்டு நிற்கிறது, காகிதம்கூட நுழையவில்லை. ப்ளைவுட்டின் அடியில் ஈரத்தடுப்புத் தாள் எதுவும் இல்லை. மறுநாள் காலையில் பாலிதீனை உரித்தபோது அதன் அடி முழுவதும் துளித்துளியாக வேர்த்திருந்தது.

இழைப்புளி:
அப்படியானால் முழுவதையும் பிரிப்பதுதான் வழி. பலகைகளை உடைக்காமல் எடுத்து, குறுக்கே சட்டம் வைத்து நிழலில் அடுக்குங்கள்; வளைவு தணிந்தால் பெரும்பாலானவை வேறோர் அறைக்குப் பயன்படும். ப்ளைவுட்டில் கரையான் மண்கோடு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மரத்தரையே வேண்டுமென்றால், ஈரம் வரும் வழியை அடைத்துத் தரை உலர்ந்த பின், பாலிதீன் தடுப்பின் மேல் மர அடுக்குகளை ஒட்டிச் செய்த எஞ்சினியர்டு பலகையை மிதவையாக, அதாவது அடித்தரையில் ஆணியடிக்காமல், விரிக்கலாம். குறுக்கு அடுக்குகள் இருப்பதால் அது முழு மரம் அளவுக்கு அசையாது. தரைத்தளத்தில் முழு ஓக் பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டடப் பொறியாளர்:
மழை ஓயும்வரை புதிய பலகை எதையும் வாங்க வேண்டாம். பிப்ரவரியில் அதே பாலிதீன் சோதனையை அறையின் மூன்று இடங்களில் செய்து, மூன்றும் உலர்ந்திருந்தால் மட்டும் வேலையைத் தொடங்குங்கள்.