ஏப்ரல் 5, ஏப்ரல் 6: நம் ஊர் அழகப்பர்

கோட்டையூர் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அழகப்பச் செட்டியாரைத் தெரியுமா என்று மகனிடம் கேட்டாராம். "அது யூனிவர்சிட்டி பேர்தானே அப்பா" என்றானாம் பையன். அந்த மடலைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. ஏப்ரல் 6 அழகப்பர் பிறந்த நாள், ஏப்ரல் 5 அவர் மறைந்த நாள். தொழிலில் சம்பாதித்ததைக் காரைக்குடியில் கல்லூரிகளாகக் கட்டிக் கொடுத்த வள்ளல் அவர். 1909-இல் நம் ஊரில் பிறந்தவர் 1957-இல் போய்விட்டார். இன்னும் ஒரே ஒரு நாள் இருந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும். இந்த இரண்டு நாளை ஒட்டியாவது நம் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவர் கதைக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னியவை.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பர்மாவில் ஒரு கடையில் அடுத்தாளாக, முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளாக இருந்தவர். கடை என்றால் லேவாதேவிக் கடை, வட்டிக்குப் பணம் கொடுக்கிற இடம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பலேறுவார்கள், திரும்பி வந்து கொஞ்ச காலம் ஊரில் இருப்பார்கள், மறுபடி போவார்கள். 1930-களில் நெல் விலை விழுந்து கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கொடுக்க முடியாமல் போக, அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் பணமாக இருந்ததெல்லாம் அடுத்தவன் நாட்டு மண்ணாக மாறிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். ஐயா ஊர் வந்து சேர்ந்தபோது கையில் இருந்தது ஒரு பேரேடு மட்டும்.

அந்தப் பேரேட்டை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பழுப்பேறிய அட்டை, ஓரமெல்லாம் கரையான் அரித்திருக்கும். முதல் பக்கத்தில் உச்சியில் சிவமயம். அதற்குக் கீழே யார் யாரிடம் எவ்வளவு வரவேண்டும் என்று முத்து முத்தான எழுத்து. அதில் ஒரு சல்லிக்காசு வசூலாகவில்லை. வெள்ளி கிழமைகளில் அப்பத்தா அதைத் துடைத்து, இரண்டாம் கட்டு அறையில் பழைய இடத்திலேயே வைக்கும்.

எங்கள் அப்பாவுக்கு அப்போது நாலு வயது. பழைய வழக்கப்படி பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையனாக, கடையில் எடுபிடி வேலை பார்த்துத் தொழில் பழகுகிறவனாக, யாராவது ஒரு முதலாளியோடு கப்பலேறியிருக்க வேண்டியவர். ஏறுவதற்கு இப்போது கப்பலும் இல்லை, போய்ச் சேரக் கடையும் இல்லை. எங்கள் வீடு மட்டுமில்லை, வட்டகை முழுக்க, சுற்றியுள்ள செட்டியார் ஊர்களில், எத்தனையோ வீடுகளில் இதே நிலைமை. பர்மாத் தேக்குத் தூண் நிற்கிறது, வளவு என்கிற வீட்டின் உள்முற்றம் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் அழகப்பர் கொடுக்க ஆரம்பித்தார்.

அவர் படிப்பு, தொழில் எல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பிறகு லண்டன் போய் பார்-அட்-லா என்கிற பாரிஸ்டர் படிப்பு. சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி. அங்கே கிராய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார், பிற்பாடு ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக விமானக் கம்பெனியே நடத்தினார். மலேயாவில் ரப்பர், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கம், இன்சூரன்ஸ், ஓட்டல் என்று கை வைக்காத தொழில் குறைவு. கொச்சிப் பக்கம் 1937-இல் அவர் தொடங்கிய பஞ்சாலையைச் சுற்றி ஓர் ஊரே வளர்ந்தது. திருச்சூர் மாவட்டத்தில் இன்றைக்கும் அந்தப் பஞ்சாயத்துக்கு அழகப்பநகர் என்றுதான் பெயர். மலையாள தேசத்தில் ஒரு கோட்டையூர்க்காரர் பேரில் ஊர். அந்தப் பக்கம் போகிறவர்கள் பெயர்ப் பலகையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

1943-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கென்று ஒரு லட்சம் கொடுத்தார். 1944-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து லட்சம், அதில் வந்ததுதான் கிண்டியில் இருக்கிற ஏ.சி. டெக் என்கிற தொழில்நுட்பக் கல்லூரி. அந்த ஏ.சி. அழகப்பச் செட்டியார் என்பது, அங்கே நாலு வருஷம் படித்து வெளியே வந்த சிலருக்கே தெரியாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருந்தது.

அப்புறம் 1947 ஜூலை 3. சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் பேசும்போது, மாகாணத்தில் இன்னும் கல்லூரிகள் வேண்டும், வசதி உள்ளவர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இப்படிக் கேட்டால் வழக்கமாக என்ன நடக்கும்? கை தட்டுவார்கள், பார்க்கலாம் என்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். அழகப்பர் அந்தக் கூட்டத்திலேயே, காரைக்குடியில் கல்லூரி வைக்கிறேன், இந்தாருங்கள் ஒரு லட்சம் என்று அறிவித்துவிட்டார். ஆகஸ்டு 11-ஆம் தேதி காரைக்குடியில் காந்தி மாளிகையில் வகுப்பு தொடங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், நாற்பது நாள்கூட ஆகவில்லை. சுதந்திரத்துக்கு நாலு நாள் முன்னால் நம் பக்கத்துப் பையன்களுக்குக் கல்லூரி வந்துவிட்டது. கட்டடம் கட்டி முடித்த பிறகு திறக்கலாம் என்று காத்திருந்தால் இரண்டு மூன்று செட் பையன்கள் வயது கடந்து போயிருப்பார்கள். எனக்கு அவர் கொடுத்த தொகையைவிட இந்த அவசரம்தான் பெரிதாகப் படுகிறது. பசித்தவன் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வருஷம் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். நாட்டில் பெரிய பெரிய நகரங்கள் எல்லாம் தேசிய ஆய்வகம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. இவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன் என்றார், ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25-ஆம் தேதி நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அப்பாவுக்குப் பத்து வயது, கோட்டையூரிலிருந்து நடந்தே போயிருக்கிறார். "நேருவை எங்கே பார்த்தேன், முன்னால் நின்றவர் முதுகைத்தான் பார்த்தேன், கண்ணெல்லாம் செம்மண் புழுதி" என்பார். 1953 பொங்கல் சமயம், ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மின்கலம், மின்முலாம், இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது என்று அங்கே நடக்கிற ஆராய்ச்சிக்கு உலகத்தில் மதிப்பு உண்டு. உப்புக் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள்.

கல்லூரிச் சாலையில் இப்போது மர நிழலில் நடக்கிற பிள்ளைகளுக்கு, அது வெறும் பொட்டலாகக் கிடந்தது என்றால் நம்பிக்கை வராது. அந்தப் பொட்டலில்தான் ஆசிரியர் கல்லூரி, 1952-இல் பொறியியல் கல்லூரி, பிறகு பாலிடெக்னிக், உடற்பயிற்சிக் கல்லூரி, சின்னக் குழந்தைகளுக்கு மாண்டிசோரி பள்ளி எல்லாம் வரிசையாக வந்தன. பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டியிருந்தபோது தான் குடியிருந்த வீட்டையே ஒழித்துக் கொடுத்தார். நம் ஆட்களுக்கு வீடு என்றால் என்ன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்காளிகளுக்குள் ஒரு சுவருக்காக முப்பது வருஷம் பேசாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறோம்.

அப்பா 1956-இல் அந்தப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். எங்கள் குடும்பத்தில் பேரேட்டைத் தவிர வேறு புத்தகத்தைக் கையில் எடுத்த முதல் ஆள் அவர்தான். முதல் நாள் கிளம்பும்போது ஐயா எதுவும் பேசவில்லையாம். முகப்பு வரைக்கும் கூடவே வந்து நின்று, மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துக் கையில் வைத்தாராம். கப்பலேறுகிற பையனுக்கு வீட்டுப் பெரியவர் கொடுப்பதுபோல.

அதே வருஷம் அழகப்பருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. உடம்பு அதற்குள் ரொம்பவே தளர்ந்துவிட்டது. அடுத்த ஏப்ரலில் செய்தி வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று அப்பத்தா சொல்லும். அவருக்கு நாங்கள் பங்காளியும் இல்லை, சம்பந்தியும் இல்லை, நகரத்தார் கோயில் பிரிவுகூட வேறு. ஆனாலும் மூட்டவில்லை.

இந்தக் குழுவில் இருக்கிற நம்மில் ஆளுக்கொரு நாட்டில் எத்தனை பேர் வேலை பார்க்கிறோம்? அதில் அந்தச் சாலை வழியாக வராதவர் யார் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். நாம் வராவிட்டால் அப்பாவோ ஆத்தாவோ சித்தப்பாவோ வந்திருப்பார்கள். அந்த முதல் பத்து வருஷத்தில் படித்தவர்களில் இருக்கிறவர்களுக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். என் அப்பாவிடம் நான் கேட்காமல் விட்டது நிறைய. இனிமேல் கேட்க முடியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 6 வருகிற வாரக் கடைசியில் சங்கக் கூட்டம் வைத்திருக்கிறோம் இல்லையா, அதற்குள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வருஷம் சேர்ந்தார்கள், ஊரிலிருந்து எப்படிப் போனார்கள், கல்லூரிச் சம்பளம் யார் கட்டினார்கள், அழகப்பரை நேரில் பார்த்ததுண்டா, இது போதும். பெண்கள் கல்லூரியில் படித்த ஆச்சிமார்கள் சொல்வது கட்டாயம் வேண்டும், அவர்கள் தரப்பு இதுவரை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. பேச்சாகப் பதிவு செய்து அனுப்பினாலும் சரி, கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்பினாலும் சரி. தட்டச்சு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.